பேனல் பிழைத்துக்கொள்ளும், பெட்டிதான் கவிழ்க்கும்: டெல்டாவில் விற்கும் சோலார் லைட் செட்டுகள் பற்றி ஒரு மதிப்பீடு

வேதாரண்யம் பக்கம் உப்பளக் கொட்டகை, முத்துப்பேட்டை பக்கம் இறால் குட்டைக் காவல் குடிசை, கொள்ளிடத்துப் படுகை வீடு, நடுவயலில் தனியாக நிற்கும் மோட்டார் கொட்டகை. டெல்டாவில் சோலார் லைட் செட் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு இடத்துக்காரர்கள்தான். ஊருக்குள் கரண்ட் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் கம்பம் போகாத இடமும், கம்பம் இருந்தும் வெள்ளத்திலும் புயலிலும் இருட்டாகிற இடமும் இங்கே இன்னும் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கானது. 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனபோது நாதல்படுகை, முதலைமேடு போன்ற படுகை ஊர்கள் தண்ணீருக்குள் நின்றன.

முதலில் வாங்கக் கூடாதவர்கள் யார் என்று சொல்லிவிடலாம். வீட்டில் ஒழுங்காகக் கரண்ட் இருந்து, பில்லைக் குறைக்கலாம் என்று இதை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், இரண்டு போன் ஓட்டும் செட் ஒரு நாளைக்குக் கால் யூனிட்டுக்கும் குறைவாகத்தான் தரும். இரண்டு மாதத்துக்கு 14 அல்லது 15 யூனிட். நூறு யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டில் அது இலவசத்திலேயே அடங்கிப்போகும், ஒரு ரூபாய் மிச்சமாகாது; நூறைத் தாண்டும் வீட்டிலும் மிச்சம் சொற்பம்தான். இந்தச் சாமானின் வேலை வேறு: கரண்ட் இல்லாத இடத்தில் இரவைக் கடத்துவது.

கடைத்தெருவில் கிடைப்பது மூன்று ரகம். கையில் தூக்கிப் போகும் லாந்தர். டியூபுலர் (ஈயமும் ஆசிடும் உள்ள) பேட்டரி வைத்த பழைய பாணி செட். லித்தியம் பேட்டரியை ஒரு பெட்டிக்குள் வைத்துத் தரும் புதுப் பாணி செட்.

லாந்தரைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. வாத்து மேய்க்கிறவர்களுக்கும், இரவில் மடை பார்க்கப் போகிறவர்களுக்கும் அது போதும். சின்ன பேனல் ஒட்டிய லாந்தர்கள் பலவற்றின் மேலட்டையில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) கணக்கு நம்பத்தக்கதல்ல. விரல் பருமனில் இருக்கும் ஒற்றை 18650 செல்லில் நல்ல தயாரிப்பாளர்களே 3,500-க்குச் சற்று மேலேதான் போக முடிகிறது. அட்டையில் 9,900 என்று போட்டிருந்தால் அந்த லாந்தரைக் கீழே வைத்துவிடலாம். சிறு சோலார் சாமான்களுக்கென்றே வெராசோல் என்ற தரச் சோதனைத் திட்டம் இருக்கிறது. உலக வங்கிக் குழுமம் ஆப்பிரிக்காவில் தொடங்கிய லைட்டிங் ஆப்பிரிக்கா முயற்சியின் வழி வந்தது. அதன் பட்டியலில் உள்ள மாடலா என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் இருக்கிற சாமானில் ஒளி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை அளந்து போட்டிருப்பார்கள்.

டியூபுலர் செட்டுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. 12 வோல்ட், 40 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. இன்வெர்ட்டர் கடை இருக்கிற எந்த ஊரிலும் இதற்குக் கை வைக்க ஆள் உண்டு, பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் எடைக்குக் காசும் உண்டு. ஆனால் டெல்டாவின் கடலோரத்தில் இது சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். வெயில் காலத்தில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அது கைவசம் இல்லாத அன்றைக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு. அந்த உப்பு ஈயத் தட்டை அரித்துவிடும்; ஒரே கோடையில் பேட்டரி முடிந்தது. இன்னொன்று: பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு நேர் மேலே சுவரில் மாட்டுவது. சார்ஜ் ஏறும்போது கிளம்பும் ஆசிட் ஆவி நேராக கன்ட்ரோலரின் திருகுகளில் போய்ப் படியும். ஆறு மாதத்தில் அந்தத் திருகுகளில் பச்சைப் பூ பூத்திருக்கும். பக்கவாட்டில் இரண்டு அடி தள்ளி மாட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவும் கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் வாயு கலைந்துபோகக் காற்றோட்டம் வேண்டும்.

இந்த ரகப் பேட்டரியின் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 12 வோல்ட்டில் 40 ஏஹெச் என்றால் 480 வாட் ஹவர் (ஆயிரம் வாட் ஹவர் ஒரு யூனிட்). நிம்மதியாக எடுக்கக்கூடியது 240. கவனமாகப் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு வருடம் வரும்.

இனி மூன்றாவது ரகம். இப்போது அதிகம் விற்பதும், அதிகம் ஏமாற்றுவதும், சரியானது அமைந்தால் அதிகம் உழைப்பதும் இதுதான். எங்கள் பரிந்துரையும் இதற்கே, ஆனால் நிபந்தனையோடு. பெட்டியின் மூடியைத் திருகு கழற்றித் திறக்க முடிய வேண்டும். பசை போட்டு மூடிய பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது பேட்டரி, ஒரு பாதுகாப்பு அட்டை, ஒரு கன்ட்ரோலர், ஒரு ஃபியூஸ். இவற்றில் எது போனாலும் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டும். ஒட்டிய பெட்டியில் பத்து ரூபாய் ஃபியூஸ் போனாலும் மொத்தப் பெட்டியும் குப்பை.

அளவு எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 வாட் எல்இடி இரண்டு, ஐந்து மணி நேரம்: 50 வாட் ஹவர். 20 வாட் டிசி ஃபேன் எட்டு மணி நேரம்: 160. போன் இரண்டு: 20. ஆக 230. ஃபேன்தான் பேட்டரியைத் தின்கிறது என்பது இதிலேயே தெரியும். கொசுவும் புழுக்கமும் உள்ள ஊரில் ஃபேனை விடச் சொல்ல முடியாது. அதனால் பேட்டரி 12.8 வோல்ட், 30 ஏஹெச், அதாவது 384 வாட் ஹவர் வேண்டும். இதில் 80 சதவீதம் வரை இறக்கலாம், சுமார் 307. அடைமழையில் ஃபேனை நிறுத்திவிட்டு விளக்கும் போனும் மட்டும் என்றால் ஒரு நாளுக்கு 70தான். வெயிலே தலைகாட்டாவிட்டாலும் நான்கு இரவு தாங்கும். 12 ஏஹெச் பேட்டரியை வைத்து ‘ஃபேனும் ஓடும்’ என்று விற்கிறார்கள். ஓடும், நள்ளிரவு வரை.

பேனல் 100 வாட். 36 செல் உள்ள 12 வோல்ட் பேனலாக இருக்க வேண்டும். பின்பக்க ஸ்டிக்கரில் வேலை வோல்டேஜ் (Vmp) 18-ஐ ஒட்டியும், எதுவும் கோக்காதபோது வரும் திறந்த வோல்டேஜ் (Voc) 22-ஐ ஒட்டியும் எழுதியிருக்கும். மாடி வீட்டுக்குப் போடும் பெரிய பேனலை மலிவாகக் கிடைத்தது என்று இந்தச் சின்ன கன்ட்ரோலரில் கோக்கக் கூடாது. வோல்டேஜ் தாங்காமல் கன்ட்ரோலர் போகலாம், தாங்கினாலும் பேனலின் பாதித் திறன் வீண்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தெரியாமல் காசு போகிறது. ‘எம்பிபிடி கன்ட்ரோலர், முப்பது சதவீதம் கூடுதல் சார்ஜ்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். எம்பிபிடி என்பது பேனல் அதிகத் திறன் தரும் வோல்டேஜைத் தேடிப் பிடிக்கும் ரகம். டெல்டா வெயிலில் 100 வாட் பேனலுக்கு அது தேவையில்லை. சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துக்கொள்ளும்: 5.5 ஆம்பியர், 13.3 வோல்ட், சுமார் 73 வாட். சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரி சூடேறும்போது அதன் 18 வோல்ட் தானாகவே 15 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எம்பிபிடி அங்கே தேடிப் பிடிப்பதற்கு மிச்சமிருப்பது ஐந்து, ஆறு வாட்தான். அதோடு, மலிவுப் பெட்டிகளில் எம்பிபிடி என்று அச்சடித்த பலவற்றின் உள்ளே இருப்பது பிடபிள்யூஎம்தான். கம்பிச் சுருள் உள்ள பெரிய வளையமோ கட்டியோ ஒன்று உள்ளே இல்லையென்றால் அது எம்பிபிடி இல்லை.

இந்த 73 வாட், மாசி பங்குனியில் நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்தால் 365 வாட் ஹவர். ஐப்பசி கார்த்திகையில் மூன்று மணி நேரம் தேறினால் 219. அதனால்தான் 100 வாட். 50 வாட் பேனலோடு வரும் செட் கோடையில் நன்றாக ஓடி, கரண்ட் அதிகம் போகிற மழைக்காலத்தில் கைவிடும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியது

ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள், உச்சி வெயில் நேரத்தில் போங்கள். பேனலை வெயிலுக்கு நேராகத் திருப்பி வோல்ட் பாருங்கள், 20-க்கு மேல் வர வேண்டும். வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. செத்த பேனலும் வோல்ட் காட்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழையும் டிசி ஆம்பியருக்குத் திருப்பி, பேனலின் பிளஸ், மைனஸில் நேராக வைத்து இரண்டு, மூன்று நொடி பாருங்கள். தெளிந்த வானத்தில் 100 வாட் பேனல் 5 ஆம்பியருக்கு மேல் காட்டும். 3 காட்டினால் அது 100 வாட் ஸ்டிக்கர் ஒட்டிய 50 வாட் பேனல். ஐ.எஸ். 14286 முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரியைக் கையில் தூக்கிப் பாருங்கள். 30 ஏஹெச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பெரும்பாலும் இருபது உருளை செல்கள் சேர்ந்தது. ஒவ்வொன்றும் 140 கிராமை ஒட்டி இருக்கும். செல் மட்டுமே மூன்று கிலோவுக்குப் பக்கம் வந்துவிடும். பெட்டியோடு ஒன்றரைக் கிலோ இருந்தால் பாதிச் செல்லைக் காணோம் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை. பைக் மெக்கானிக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு இரண்டு வாங்கி, முழுச் சார்ஜான பேட்டரியில் இணையாகக் கோத்து விடுங்கள். 3.6 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நல்ல 30 ஏஹெச் பேட்டரி எட்டு மணி நேரம் ஓட்டும். நாலரை மணியில் அணைந்தால் அடுத்த நாளே பில்லோடு கடைக்குப் போகலாம். பல்பு கை சுடும், கீற்றுக்கும் துணிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது; பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. பழைய வரியைப் போட்டுக் கொடுத்தால் கேளுங்கள். பேனலுக்கு 25 வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். பேனல் அத்தனை எளிதில் போகாது. பேட்டரிக்கு எத்தனை வருடம், கன்ட்ரோலருக்கு எத்தனை வருடம், சரி செய்யத் திருத்துறைப்பூண்டியிலோ மன்னார்குடியிலோ ஆள் இருக்கிறதா, இல்லை பெட்டியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மாட்டும்போது கெடுவது

நல்ல செட்டைக் கெட்ட ஒயரில் கொல்லலாம். கொட்டகைக்கு வெளியே பேனல், உள்ளே பேட்டரி, நடுவே பத்து மீட்டர் என்று வையுங்கள். போக வர இருபது மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லி மீட்டர் ஒயரில் 5.5 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். சூடான பேனலில் மிச்சம் 15 வோல்ட்தான் என்று மேலே பார்த்தோம், அதில் 1.3 போனால் 13.7. பேட்டரி நிறைய 14.4 வேண்டும். பேட்டரி ஒருநாளும் நிறையாது, கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். 4 சதுர மில்லி மீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட், பிரச்சினை தீர்ந்தது. விளக்குக்குப் போகும் ஒயர் 1.5 போதும். எலி கடிக்காமல் இருக்க எல்லா ஒயரையும் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். நெல் மூட்டை இருக்கிற கொட்டகையில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயமில்லை.

கோக்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் பேட்டரி, அடுத்து பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது விளக்கு, பேனல், கடைசியில் பேட்டரி. கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட் அமைப்பு என்று புரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் 20 வோல்ட் நேராக விளக்குப் பக்கம் பாய வாய்ப்புண்டு. ஒரே நேரத்தில் எல்லா பல்பும் போயிற்று என்று வருகிற புகார்களில் காரணம் பெரும்பாலும் இதுதான். இதே காரியம் இன்னொரு வழியிலும் நடக்கும்: கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றாமல் பழைய ஈய பேட்டரி நிலையிலேயே விட்டுவிட்டால், அது 14.6-ஐத் தாண்டி ஏற்றப் பார்க்கும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு அட்டை தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அந்த நொடியில் பல்புக்கு ஆபத்து. 9 முதல் 18 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதிய டிசி பல்பாகக் கேட்டு வாங்குவது நல்லது. ஒளி மஞ்சளாக இருக்கட்டும்; அட்டையில் 3000 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு) என்று பாருங்கள். சம்பா பயிர் நிற்கும்போது வெள்ளை விளக்கை ஏற்றினால் தத்துப்பூச்சி மொய்த்துச் சாப்பாட்டுத் தட்டில் விழும். மஞ்சளுக்கு அவ்வளவு வராது.

பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் கார் ஃபியூஸ் இருக்க வேண்டும். பல செட்டுகளில் இது இல்லவே இல்லை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துச் சிவக்கும், மேலே கீற்று.

சின்ன இன்வெர்ட்டர் சேர்த்து வாங்கி வீட்டு ஃபேனை ஓட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நிற்பதற்கே எட்டு வாட் தின்றால், 24 மணி நேரத்தில் 192 வாட் ஹவர். உங்கள் ஒரு நாள் ஃபேன் செலவை அது உட்கார்ந்தே சாப்பிட்டுவிடும்.

நிழலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், தென்னை இல்லாத கொல்லை இங்கே கிடையாது. 36 செல்லும் ஒரே சரமாகக் கோத்தவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல், கை அகலத்தில், ஒரே ஒரு செல்லை மூடினால் என்ன ஆகும்? பேனலின் பாதியை, கரண்டைச் சுற்றுவழியில் விடும் டயோடு ஒன்று ஒதுக்கிவிடும், மிச்சப் பாதி 9 வோல்ட்தான் தரும். 13 வோல்ட் பேட்டரிக்குள் 9 வோல்ட்டால் எப்படிப் போக முடியும்? முப்பத்தாறில் ஒரு பங்கு நிழல், சார்ஜோ கிட்டத்தட்ட முழுவதும் நின்றுபோகும். காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை கீற்று நிழல் விழாத இடத்தைப் பார்த்துத்தான் கம்பம் நட வேண்டும். பேனல் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்ந்தால் போதும். நம்முடைய அட்சரேகை அவ்வளவுதான். அதற்கும் குறைவாகப் படுக்க வைத்தால் மழைநீர் வழிந்தோடாமல் கீழ் ஓரத்தில் சேறு படியும். தை மாதம் அறுவடை இயந்திரம் போகிற நாட்களில் வைக்கோல் தூசி ஒரு படலமாக ஒட்டும், உப்பளப் பக்கத்தில் வெள்ளையாக உப்பே படியும். விடியற்காலையில், பேனல் சூடாகும் முன், நல்ல தண்ணீரில் துணி வைத்துத் துடையுங்கள். உப்பு நீரில் கழுவினால் கண்ணாடியில் கறை ஏறி நிற்கும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று

எங்கள் மதிப்பீட்டில் அதிக மதிப்பெண் இதற்குத்தான்: பேனலை ஒரே ஆள், ஒரு ஸ்பேனரோடு, பத்து நிமிடத்தில் கழற்ற முடிகிறதா? பெரும்பாலான செட்டுகளோடு வரும் தாங்கி இதில் தோற்கிறது. எல்-வடிவத் தகரத்தைக் கூரை மூங்கிலில் ஆணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 100 வாட் பேனலின் பரப்பு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று அதன் மேல் முழுதாக மோதினால் 60 கிலோவுக்கு மேல் எடை கட்டி இழுப்பது போல. பேனலின் சொந்த எடை ஏழெட்டு கிலோதான். அது பறப்பதோடு நிற்காது, கூரையையும் பிய்த்துக்கொண்டு போகும், யார் மேலாவது விழும்.

அதனால் கூரையில் மாட்டாமல், இரண்டு அங்குல ஜிஐ பைப்பை மூன்று அடி குழிக்குள் கான்கிரீட் போட்டு நட்டு, அதன் தலையில் தாங்கியை வையுங்கள். பேனலைப் பிடிக்கும் நான்கு போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பு போல்ட் கடல் காற்றில் ஒரே வருடத்தில் துருவேறி இறுகிவிடும். புயலுக்கு முந்தின நாள் ஸ்பேனர் வைத்தால் தலை முறியும். ஸ்டீலும் பேனலின் அலுமினியச் சட்டமும் நேராக உரசினாலும் உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கும், நடுவே நைலான் வாஷர் போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில், நான்கையும் ஒருமுறை தளர்த்திக் கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

எச்சரிக்கை வந்த அன்று பேட்டரி நிறையும் வரை வெயிலில் விட்டு, சாயங்காலம் விளக்கு ஒயர், பேனல் ஒயர் என்ற வரிசையில் கழற்றுங்கள். பேனல் ஒயரின் இரண்டு முனைகளிலும் பாலித்தீன் பை சுற்றி ரப்பர் போடுங்கள். பேனலைக் கண்ணாடி சுவர்ப் பக்கம் பார்க்கும்படி, கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் யாராவது மிதிப்பார்கள். பேட்டரிப் பெட்டியைத் தரையில் வைக்காமல் பரண் மேல் ஏற்றுங்கள். படுகை வீடாக இருந்து வெளியேற நேர்ந்தால் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். நான்கு கிலோ, முகாமில் பத்துப் பேருடைய போனுக்காவது சார்ஜ் ஆகும். வெள்ளத்தில் மூழ்கிய பெட்டியைக் காய வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே செல்களுக்கு நடுவே இறங்கிய ஈரம் சில நாள் கழித்துக்கூட ஷார்ட் ஆக்கும்.

காற்று நின்ற பிறகு, பேனலை மாட்டக் கம்பத்துப் பக்கம் போவதற்கு முன், அறுந்த மின்கம்பி எதுவும் அதன் மேலோ ஈரத்தரையிலோ கிடக்கிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். கழற்றிய நான்கு போல்ட், வாஷரை ஒரு துணிப்பையில் போட்டு பேனலின் பின்பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தால், விளக்கு அன்று இரவே எரியும்.